லீவு நாளுக்கு என்ன வச்சிருக்கிய? நெல்லைச் சீமைக்காரங்க பிடிச்சதச் சொல்லுங்க

தாமிரவருணிக்காரன்

ஆனி ஆடில சாரல், தை மாசிக்குப் பறவை, பங்குனி சித்திரைல கோயில் கொடை விழா. நம்ம சீமைல பொழுது போகலன்னு சொல்லுதவன் வீட்டு நடைய விட்டு இறங்காதவன்தான். சமீபத்துல உங்களுக்குப் பிடிச்சுப் போன பொழுதுபோக்கு எதுன்னு இங்கன எழுதுங்க.

ஒரு நிபந்தனை உண்டு. "போனேன், பாத்தேன், மனசு நெறஞ்சிச்சு" கதை வேண்டாம். படிக்கவன் வார ஞாயித்துக்கிழமையே செஞ்சு பாக்கணும். அதுக்கு வேண்டிய சாமான், அளவு, நேரம், எங்கன சொதப்பும், ஏன் சொதப்பும், அதை எழுதுங்க. படம், சீரியல் பட்டியலுக்கு வேற ஆயிரம் இடம் இருக்கு, அதை இங்கன கொண்டாராதிய.

என் வரிசை: கூந்தன்குளத்துப் பறவை, ஆடுபுலி ஆட்டம், வில்லுப்பாட்டைக் காதால கேக்கது மட்டுமில்லாம ஒழுங்காப் பதிவு பண்ணுதது. குற்றாலம் நாலாவதுதான், கூட்டம் அப்படி. ஒவ்வொண்ணுலயும் நல்லாத் தெரிஞ்ச ஆளுக இங்கன உண்டு, அவங்களே விவரம் சொல்லட்டும்.

குளத்துக்கரை

கூந்தன்குளத்த நானே எடுத்துக்கிடுதேன்.

நெல்லைல இருந்து மூலைக்கரைப்பட்டி வழியா நாப்பது கிலோமீட்டருக்கு உள்ளதான். 1994-ல சரணாலயம் ஆச்சு, 2022-ல ராம்சார்ங்க உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்ததா அறிவிப்பு வந்துது. டிசம்பர்லயே பறவை வந்துரும்னாலும் ஜனவரி கடைசி தொட்டு ஏப்ரல் வரைக்கும் போறதுதான் கணக்கு. ஏன்னா வலசை வாத்தும் அப்போ இருக்கும், மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூட்டுல குஞ்சோட இருக்கும். ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துரலாம். மணிமுத்தாறு தண்ணி வராத வருசம் குளம் சீக்கிரம் வத்திரும், அந்த வருசம் முன்னாலயே போயிரணும்.

பைனாகுலர் வாங்குததுலதான் பாதிப் பேரு ஏமாறுதாவ. "10x50 தான் பெருசாத் தெரியும்"னு கடைல தள்ளி விட்டுருவாவ. வேண்டாம், 8x42 வாங்குங்க. மொத எண் எத்தனை மடங்குங்கது, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. பத்து மடங்கு பெருசாக் காட்டுததுன்னா உங்க கை நடுக்கத்தையும் பத்து மடங்கு ஆக்குதது. கனமும் கூட, அரைமணி நேரத்துல கழுத்து இத்துப் போகும். 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25 மில்லிமீட்டர், அதான் கண்ணுக்கு வந்து சேருத வெளிச்ச வட்டம். விடியக்கால மங்கல்ல அது தாராளம். "100x"னு ரோட்டோரம் விக்கதப் பாத்தா நிக்காம நடங்க.

வாங்குன அன்னைக்கே கண்ணுக்கு ஏத்தாப்ல திருத்தணும். பெரும்பாலானவங்க செய்யதே இல்ல. மொதல்ல ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு, தெரியுதது ஒரே வட்டமா வார வரைக்கும் சரி பண்ணுங்க. அடுத்து வலது கண்ண மூடிக்கிட்டு, நடுச்சக்கரத்தச் சுத்தி தூரத்துல ஒரு போர்டு எழுத்து இடது கண்ணுக்குத் தெளிவா வரணும். அப்புறம் இடது கண்ண மூடிக்கிட்டு, வலது பக்கக் கண்வளையத்த மட்டும் திருப்பி அதே எழுத்தத் தெளிவாக்குங்க. வளையம் நின்ன இடத்த மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சுக்கிடுங்க. இனிமே நடுச்சக்கரம் மட்டும்தான். இதச் செய்யாட்டா ஒரு கண்ணுக்கு எப்பவும் மங்கலாவே இருக்கும், ஒரு மணி நேரத்துல தலைவலி வந்துரும், பழிய வெயில் மேல போடுவிய. கண்ணாடி போட்டவங்க ரப்பர் வளையத்த உள்ள இறக்கி வைங்க, இல்லன்னா சாவித் துவாரம் வழியா எட்டிப் பாத்த கணக்குத்தான்.

நேரம்: விடியுமுன்ன குளத்துக்கு எதிர்க்க நிக்கணும். காலைல கிழக்குக் கரைல நின்னு மேக்க பாக்கணும், சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும். மேக்குக் கரைல நின்னா வாத்தெல்லாம் கருப்பு நிழலாத்தான் தெரியும், எது ஊசிவால், எது வரித்தலைன்னு பிரிக்க முடியாது. வரித்தலை வாத்து ராத்திரி வயக்காட்டுல மேஞ்சுட்டு வெளுக்கையில குளத்துக்குத் திரும்பும். வெள்ளைத் தலைல பின்பக்கம் ரெண்டு கருப்புக் கோடு, அதான் அடையாளம். இமயமலையத் தாண்டி வாரது இது.

ஒம்பது ஒம்பதரைக்கு மேல தண்ணிப் பரப்புல கானல் அலை எழும்பும். அப்போ எவ்வளவு விலைக் கண்ணாடியானாலும் தூரத்து வாத்து நெளியும். பைனாகுலர் கெட்டுப் போச்சுன்னு திருப்பிக் குடுக்கப் போயிராதிய, காத்துதான் கொதிக்குது. அந்த நேரத்துல ஊருக்குள்ள வந்துருங்க. தெரு மரத்துலயே நாரைக் கூடு இருக்கும், பைனாகுலரே தேவைப்படாது. தொப்பி மட்டும் அவசியம், வெயிலுக்கு இல்ல, மேல இருந்து விழுததுக்கு.

ஊர்க்காரங்க தீவாளிக்கே வெடி போடாம காப்பாத்துத இடம் அது. டிரோன், ஸ்பீக்கர் கொண்டு போறவங்க வீட்டுலயே இருந்துக்கிடுங்க.

பாளைப்பையன்

அண்ணாச்சி, கேமரா வாங்க வசதி இல்ல. பைனாகுலர் வழியா போன்ல போட்டோ எடுக்கலாம்னு சொல்லுதாவளே, எனக்கு நடுவுல ஒரு வட்டமும் சுத்தி இருட்டுமாத்தான் வருது.

குளத்துக்கரை

தம்பி, போன் லென்ஸ் கண்வளையத்துக்குப் பக்கத்துல போதுமான அளவு வரல, இல்லன்னா நடுவுல இல்ல. ரப்பர் வளையத்த இறக்கிட்டு, போன்ல ரெண்டு மூணு லென்ஸ் இருந்தா முதன்மை லென்ஸத்தான் வைக்கணும். அகல லென்ஸ வச்சா வட்டம் இன்னும் சின்னதாத்தான் வரும். அப்புறம் திரைல 2x பெருக்குங்க, கருப்பு ஓரம் வெளிய போயிரும். சில போனு 2x தொட்ட உடனே சொல்லாமக் கொள்ளாம வேற லென்ஸுக்கு மாறிரும், திடீர்னு படம் இருட்டாச்சுன்னா அதான் காரணம். பைனாகுலரக் கைல பிடிச்சா நடக்காது, முக்காலி இல்லன்னா கரைச் சுவத்து மேல ஒரு துண்டச் சுருட்டி வச்சு அதுமேல படுக்க வைங்க. வீடியோவா எடுத்துட்டு அதுல நல்ல பிரேமப் பிரிச்சுக்கிடுததுதான் சுளுவு.

வீட்டுக்கு வந்த உடனே உறைல போட்டு மூடிராதிய. நம்ம ஊரு ஐப்பசி ஈரத்துல லென்ஸ் உள்ள பூஞ்சை சிலந்தி வலை கணக்காப் படரும், வந்துட்டா துடைச்சு எடுக்க முடியாது. மூடி நல்லா இறுகுத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல். நிறம் மாறுத ஜெல்லா வாங்குங்க, நிறம் மாறுனா வாணலில லேசா வறுத்து ஆற வச்சுத் திரும்பப் போடலாம்.

ஐந்தருவி

குற்றாலத்த நாலாவதாப் போட்டதுக்கு ஒரு கண்டனம். தென்காசி 2019-ல தனி மாவட்டமாயிட்டுன்னு அருவியையும் பிரிச்சு வச்சிட்டியளா?

சுருக்கமாச் சொல்லிருதேன். செவ்வாய், புதன்ல, விடியக்கால அஞ்சு மணிக்கு. சனி ஞாயிறுன்னா குளிக்கதுக்கு இல்ல, வரிசைல நிக்கதுக்குத்தான் போறிய. பேரருவில பாதுகாப்பு வளைவ (ஆர்ச்) மறைச்சுத் தண்ணி விழுந்தாக் குளிக்க விட மாட்டாவ. விட்டாலும் நிக்காதிய. எண்ணெய் தேய்ச்சவங்க இறங்குத பாறை வழவழன்னு இருக்கும். ரப்பர் செருப்போட போனா வழுக்கும், வெறுங்கால்தான் பிடி.

தண்ணி திடீர்னு கலங்கிச் செம்மண் நிறமா மாறுனாலோ, சருகும் சுள்ளியும் சேந்து விழ ஆரம்பிச்சாலோ, சத்தம் கனத்தாலோ, சோப்ப விட்டுட்டு மேல ஏறுங்க. கீழ வெயில் அடிக்கும், மேல மலைல மழை கொட்டிக்கிட்டு இருக்கும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல அப்படித்தான் வெள்ளம் வந்து ஒரு உயிர் போச்சு. அது சீசன்கூட இல்ல பாத்துக்கிடுங்க, கோடை மழை.

வில்லுமணி

வில்லுப்பாட்டுப் பதிவு பத்தி. இதத்தான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். கொடை ராத்திரில ஆளுக்கொரு போன நீட்டிப் பதிவு பண்ணுதாவ, மறுநாள் கேட்டா உடுக்கை மட்டும்தான் இருக்கு, கதை இல்ல.

காரணம் போன் பண்ணுத கோளாறுதான். சத்தம் கூடினா தானாக் குறைக்கும், குறைஞ்சா தானாக் கூட்டும். உடுக்கை ஒரு அடி அடிச்ச உடனே போன் மொத்தச் சத்தத்தையும் அமுக்கிரும், அடுத்து அண்ணாவி, அதான் தலைமைப் பாட்டுக்காரர், பாடுத நாலு வார்த்தை கிணத்துக்குள்ள இருந்து கேட்ட மாதிரி இருக்கும். அது திரும்ப எழும்பி வாரதுக்குள்ள வில்லடிக்க வீசுகோல் ஒரு அடி, மணி குலுங்கும். ஆகையால தானியங்கி அளவ நிறுத்துததுக்கு வசதி உள்ள பதிவுச் செயலி வேணும். கைல அடங்குத ஒலிப்பதிவுக் கருவி இருந்தா இன்னும் நல்லது. அதுலயும் 'ஆட்டோ' அளவ மறக்காம அணைக்கணும்.

அளவு எப்படி வைக்கது? பாட்டு ஆரம்பிக்கத முன்ன உடுக்கைக்காரர் தோல் பதம் பாக்கதுக்கு ரெண்டு தட்டு தட்டுவாரு. அந்தத் தட்டு மைனஸ் 12 டெசிபெல்லத் தொடுத மாதிரி வச்சிருங்க, பூஜ்யத்தத் தாண்டுனா சத்தம் வெட்டுப்படும். நடுச்சாமத்துல வேகம் ஏறும்போது இன்னும் ஆறு டெசிபெல் கூடும், அதுக்கு இடம் விட்டு வைக்கணும். பாட்டு சின்னதாக் கேக்குதேன்னு நடுவுல கூட்டாதிய. சின்னதா இருக்கதப் பிறகு பெருசாக்கிக்கிடலாம், உச்சி வெட்டுப்பட்டதத் திரும்ப ஒட்ட முடியாது.

கருவிய எங்கன வைக்கது? வில்லுக்கு நேர் முன்னால, ஒண்ணரை மீட்டர் தள்ளி, உக்காந்திருக்க அண்ணாவி வாய் உயரத்துக்கு. வலதுபாட்டும் இடதுபாட்டும் ரெண்டு பக்கம் பிரிஞ்சு வரும், கேக்க அவ்வளவு அழகு. குடத்துக்கு நேரா வைக்கக் கூடாது. மட்டையால குடத்து வாயில அடிக்கும்போது காத்துத் தள்ளும், அது மைக்குல 'தொப்பு தொப்பு'ன்னு விழுந்து பாட்டக் கெடுக்கும். ஒரு சாண் ஒதுங்கி நின்னாலே போதும். பஞ்சு உறை கட்டாயம். உறை இல்லன்னா மெல்லிசா ஒரு கைக்குட்டைய ஒரே சுத்து, ரெண்டு சுத்து வேண்டாம், மணிச் சத்தம் மழுங்கிரும்.

குழாய் ஸ்பீக்கர் பக்கம் தலை வச்சுப் படுக்காதிய. அதுல அடித்தொனியே வராது, குடம் இருக்க தடமே இருக்காது, நடுத்தொனி மட்டும் காதக் குத்தும். பந்தலுக்குள்ள, குழாய் வாய்க்குப் பின்புறம்தான் இடம்.

மைக்செட்காரர் நல்ல மனுசனா இருந்தா மிக்ஸர்ல இருந்து நேரா வயர் எடுக்கலாம். பாட்டு வார்த்தை சுத்தமா வரும். அதுல ரெண்டு கண்ணி இருக்கு. மிக்ஸர் வெளிய விடுதது லைன் அளவு, அத மைக் துவாரத்துல சொருகினா மொத அடில இருந்தே கரகரதான், லைன் துவாரத்துலதான் சொருகணும். ரெண்டாவது, கருவிய கரண்ட் சார்ஜர்ல மாட்டிக்கிட்டு மிக்ஸரோட இணைச்சா 'ஊம்ம்'னு ஒரு இரைச்சல் விடிய விடிய ஓடும். ரெண்டு வழில பூமி இணைப்பு ஆயிருது, அதான். பேட்டரில ஓட்டுங்க, போயிரும். ஆனா மிக்ஸர் வயர்ல வில்லு மணியும் குடமும் மைக் எட்டுன அளவுக்குத்தான் வரும். ஆகையால வயர் ஒண்ணு, முன்னால கருவி ஒண்ணு, ரெண்டும் வச்சு வீட்டுல வந்து சேக்கது உத்தமம். சேக்கும்போது ரெண்டுக்கும் நேரம் பொருந்தணும்ல, அதுக்குத் தொடக்கத்துல ஒரு கைத்தட்டு தட்டி விடுங்க. ரெண்டு கருவிக் கடிகாரமும் ஒண்ணு போல ஓடாது, மணிக்கணக்குல போனா நழுவும். கதை நிக்க எடத்துல வெட்டி, துண்டு துண்டாப் பொருத்துங்க.

இடக் கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடம் (ஸ்டீரியோ)னா நிமிசத்துக்கு 17 எம்பி சொச்சம், மணிக்கு ஒரு ஜிபி. ஆறு மணி நேர கொடைக்கு ஆறே கால் ஜிபி. 32 ஜிபி கார்டு தாராளம். ஒரே கோப்பு 4 ஜிபிய எட்டுனா நிறைய கருவி தானா வெட்டி அடுத்தது ஆரம்பிக்கும், சிலது நின்னே போயிரும். மூணு மணி நேரத்துக்கு ஒருக்க, காப்பி குடிக்க நிறுத்துத நேரம் பாத்து, நீங்களே நிறுத்தித் திரும்ப ஓட விடுங்க.

கடைசியா ஒண்ணு. அண்ணாவிட்டயும் கோயில் வரிதாரர்கிட்டயும் முன்கூட்டியே கேட்டுக்கிடணும். சாமி வந்து ஆடுத நேரம் கருவிய மூஞ்சிக்கு நேரா நீட்டாதிய.

தாமிரவருணிக்காரன்

எழுதுனா இப்படி எழுதணும். வில்லுமணி அண்ணாச்சி, கேள்வி: வில்லு நாண் சத்தம் தனியாப் பிடிக்க வழி உண்டா? எல்லாத்துலயும் மணிதான் கேக்கு, அந்த நாண் அதிர்வு காணாமப் போயிருது.

வில்லுமணி

உண்டு. சட்டைல குத்துத சின்ன மைக்க வில்லு நடுவுல, குடத்துக் கழுத்தோட கட்டியிருக்க இடத்துக்குப் பக்கத்துல துணி டேப் வச்சு ஒட்டலாம். நாண் அதிர்வ குடந்தான் வாங்கிப் பெருசாக்குது. ஆனா அண்ணாவி சம்மதம் இல்லாம வில்லத் தொடப்பிடாது, அதக் கும்பிட்டுத்தான் கட்டுதாவ. சத்திரம்புதுக்குளத்துல பொறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா மெட்ராஸுக்குக் கொண்டு போன மேடை வில்லுக்கும் நம்ம கோயில் வில்லுக்கும் இங்கதான் வித்தியாசம். அங்க அது வாத்தியம், இங்க சாமி சாமான்.

உவரிக்காத்து

யாருமே ரேடியோ பத்திப் பேசலியே. நம்ம கடலோரத்துல மட்டும் கிடைக்க ஒரு விளையாட்டு இது, பாளைலயோ டவுன்லயோ இருந்தா அவ்வளவாக் கிடைக்காது. உவரி, கூட்டப்புளி, மணப்பாடு மாதிரி கடல் கண்ணுக்குத் தெரியுத இடமா இருக்கணும்.

இலங்கை எப்.எம். நிலையங்களப் பிடிக்கது. தூரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல, சாதாரண நாள்ல எப்.எம். அவ்வளவு வராது. மாசி தொட்டு சித்திரை வரைக்கும், காத்து அசையாத ராத்திரில, நிலத்துல இருந்து போற சூடான வறண்ட காத்து கடல் மேல இருக்க குளிந்த ஈரக் காத்து மேல மூடி போட்ட மாதிரி படுக்கும். அந்த மூடிக்குக் கீழ அலை வெளிய போக முடியாம வளைஞ்சு வளைஞ்சு நம்ம கரைக்கு வந்து சேரும். மழை, பலத்த காத்து இருந்தா மூடி கலைஞ்சிரும், தேடிப் பிரயோசனம் இல்ல. பின்னிரவு ரெண்டு மணில இருந்து வெயில் ஏறுத வரைக்கும் நல்ல நேரம்.

ஆன்டெனா வீட்டுலயே செய்யலாம். 73 சென்டிமீட்டர் நீளத்துல ரெண்டு செம்புக் கம்பி, இல்லன்னா அலுமினியக் குழாய். நடுவுல ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பிவிசி குழாய்ல நேர்கோடாக் கட்டுங்க. டிவி கேபிள் நடுக்கம்பி ஒரு பக்கத்துக்கு, வலை மறு பக்கத்துக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொட்டுச்சுன்னா ஒண்ணும் வராது. பாதிப் பேரு அங்கதான் சறுக்குதாவ, மீட்டர் வச்சுப் பாத்துக்கிடுங்க. கம்பி வடக்கு தெற்கா நீளணும், அப்பதான் கிழக்க நல்லா இழுக்கும். கம்பி முனைய இலங்கையப் பாத்து நீட்டுனா அந்தத் திசைதான் செவிடு. உப்புக்காத்துல இணைப்பு ஒரு மாசத்துல பச்சை பூத்துரும், ஈயம் வச்சு மேல சிலிக்கான் பூசுங்க.

தேடும்போது உள்ளூர் நிலையத்துக்கு ஒட்டிக்கிட்டு இருக்க இடத்த விட்டுருங்க, அது அமுக்கிரும். ஒரே இடத்துல ரெண்டு நிலையம் வந்தா எப்.எம். ரெண்டையும் கலக்காது, வலுவா இருக்கதத்தான் பிடிக்கும். வலு மாறும்போது திடீர்னு ஒரு பாட்டு வெட்டுப்பட்டு சிங்களத்துல செய்தி ஓடும். ரேடியோ கெடல, அதான் விளையாட்டே. சில ரேடியோ திரைல நிலையத்துப் பேரு எழுத்துல வரும், அத ஒரு நோட்டுல தேதி, நேரத்தோட குறிச்சு வைங்க.

பாளைப்பையன்

இத்தன பேரு எழுதிட்டிய, பட்டியல்ல ரெண்டாவது இருக்க ஆடுபுலி எங்க? எங்க வீட்டுல எப்பவும் புலிதான் ஜெயிக்கு. ஆட்டுக்கு நியாயமே இல்லாத ஆட்டமாத் தெரியுது.

கல்லாங்காய்

ஆட்டுக்கு நியாயம் இருக்கு தம்பி, ஆடுதவங்களுக்குத்தான் பொறுமை இல்ல. ஆட்டக் கொண்டு போயி நடுக்கட்டத்துல வச்சா புலி திங்காம என்ன செய்யும்?

முதல்ல கட்டம் சரியா வரையணும். உச்சில ஒரு புள்ளி. அதுல இருந்து கீழ நாலு சாய்வுக் கோடு இறங்கி அடிக்கோட்டுல முடியும். உச்சிக்கும் அடிக்கும் 42 சென்டிமீட்டர், அடிக்கோட்டுல நாலு புள்ளி 10 சென்டிமீட்டர் இடைவெளில. உச்சில இருந்து 20, 27, 34 சென்டிமீட்டர்ல மூணு கிடைக்கோடு, நாலு சாய்வையும் வெட்டி ரெண்டு பக்கமும் வெளிய நீளும். மொத்த அகலம் 36. அந்த முனைகள ரெண்டு பக்கமும் மேலும் கீழுமா ஒரு கோடு போட்டு இணைச்சிருங்க, அதான் பக்கச் சுவர். உச்சி 1, மூணு கிடைல ஆறு ஆறா 18, அடில 4, மொத்தம் 23 புள்ளி. எண்ணிப் பாக்கும்போது 23 வரலன்னா கோடு எங்கயோ தப்பு. நிறைய பேரு மொதக் கிடைய உச்சிக்கு ரொம்பப் பக்கத்துல போட்டுருதாவ, கல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு எந்தப் புள்ளில இருக்குன்னே சண்டை வரும்.

புலி 3, ஆடு 15. புலிக்குக் கழச்சிக்காய், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. உச்சில ஒரு புலி, அதுக்குக் கீழ மொதக் கிடைல நடு ரெண்டு புள்ளில ரெண்டு புலி. ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைப்பாரு, புலிக்காரர் ஒரு நகத்து. 15 ஆடும் இறங்குத வரைக்கும் வச்ச ஆடு நகரக் கூடாது. பக்கத்துல ஆடு, அதுக்கு நேர் பின்னால காலின்னா புலி தாண்டி வெட்டும். புலி மூணும் அசைய முடியாமப் போனா ஆட்டுக்கு ஜெயம். புலி எத்தனை வெட்டுனா ஜெயம்ங்கது ஊருக்கு ஊரு மாறும், உக்காரும்போதே பேசிக்கிடுங்க.

இப்போ சூட்சுமம். ஒரு ஆடு நிக்க புள்ளி வழியாப் போற ஒவ்வொரு கோட்டையும் பாருங்க. கோடு அங்கனயே முடிஞ்சா அந்தக் கோட்டுல புலி தாண்ட முடியாது. முடியாம ஓடுனா, ரெண்டு பக்கத்துல ஒரு பக்கமாவது இன்னொரு ஆடு நிக்கணும். எல்லாக் கோடும் இப்படி அடைபட்டா அந்த ஆட்ட எந்தப் புலியாலயும் தொட முடியாது.

இந்தக் கணக்குப்படி, புலி இருக்க உச்சி போக, இன்னும் ஆறு புள்ளில ஆட்ட எப்பவும் வெட்ட முடியாது: ரெண்டு பக்கச் சுவத்து மூலை நாலு, அடிக்கோட்டு முனை ரெண்டு. மொத ஆறு ஆடு அங்க. அது நின்னுட்டா சுவத்து நடுப்புள்ளி ரெண்டும், அடிக்கோட்டு நடுப்புள்ளி ரெண்டும் தானாப் பத்திரம் ஆயிரும். பத்து ஆடு ஆச்சு. அப்புறம் கடைசிக் கிடைல ஓரத்துல இருந்து உள்ள நோக்கி நாலு. கொத்தனார் செங்கல் அடுக்குத மாதிரி, ஒட்டிக்கிட்டே போகணும், நடுவுல தாவிப் போய் ஒண்ண வைக்கப்பிடாது. பதினஞ்சாவது ரெண்டாம் கிடைல சுவத்து ஆட்ட ஒட்டி. புலி குறுக்க வரலன்னா ஒரு ஆடு போகாம பதினஞ்சும் இறங்கிரும்.

தாமிரவருணிக்காரன்

அக்கா, குறுக்க வராம புலி சும்மா இருக்குமா? விவரமானவன் கைல புலி இருந்தா நாலாவது நகத்துலயே கீழ வந்து ஒரு மூலைல உக்காந்துக்கிடும்.

கல்லாங்காய்

வரட்டும், அதான் வேணும். மூலைல உக்காந்த புலிக்கு வெளிய வர ரெண்டு வழிதான். அதக் கட்ட நாலு ஆடு போதும். உச்சில இருக்க புலியக் கட்டணும்னா கீழ நாலு, அதுக்கும் கீழ நாலு, எட்டு வேணும். அதனாலதான் உச்சிப் புலிய யாரும் கட்ட முடியலன்னு புலம்புதாவ, அதக் கீழ இழுக்கணும்.

மூலைப் புலியக் கட்டும்போது தள்ளி இருக்க புள்ளிய மொதல்ல அடைக்கணும், அப்புறந்தான் பக்கத்துப் புள்ளி. பக்கத்துல மொதல்ல வச்சா அடுத்த நகத்துல வெட்டு. இந்த ஒரு தப்புலதான் முக்காவாசி ஆட்டம் போகுது.

பாளைப்பையன்

பதினஞ்சும் பத்திரமா இறக்கிட்டேன் அக்கா, ஒண்ணும் போகல. நகத்த ஆரம்பிச்ச உடனே வரிசையா மூணு போச்சு.

கல்லாங்காய்

எத நகத்தின? கடைசிக் கிடைல இருக்க ஆட்ட மேல ஏத்தியிருப்ப. அது இருந்த இடம் காலி, மேல இருக்க புலி அது தலைக்கு மேல தாண்டி அது விட்டுட்டு வந்த புள்ளிலயே இறங்கும். ஆடு முன்னால போகும்போது அதுக்கு நேர் பின்னால இன்னொரு ஆடு இல்லாத கோட்டுல ஏத்தாத. அடிக்கோட்டு ஆடும் சுவத்து ஆடும் சும்மா நிக்கில்ல, அதுதான் உனக்கு வங்கிப் பணம். அடிக்கோட்டு முனை ஆட்ட அவசரப்பட்டு எடுக்காத.

ஒரு புதிர் தாரேன், வரைஞ்சு பாரு. அஞ்சே அஞ்சு ஆட்ட வச்சு ரெண்டு புலியக் கட்டணும்.

குளத்துக்கரை

ஒரே பக்கச் சுவர்ல மேல் மூலைல ஒரு புலி, கீழ் மூலைல ஒரு புலி. நடுப்புள்ளில ஒரு ஆடு, ரெண்டு புலியும் தாண்ட முடியாது, எதிர்ப்பக்கம் இன்னொரு புலி உக்காந்திருக்கு. மேல் கிடைல பக்கத்துப் புள்ளி ரெண்டுல ரெண்டு ஆடு, கீழ் கிடைல ரெண்டு. சரியா அக்கா?

கல்லாங்காய்

சரிதான் அண்ணாச்சி. ஆனா மூணாவது புலி வெளிய திரியுது, மேல் கிடைல நீங்க வச்ச ரெண்டாவது ஆட்ட நெட்டுக்குத்தா வெட்டப் பாக்கும், அதுக்குக் கீழ ஆறாவது ஆடு வேணும். கீழ் கிடை ரெண்டுக்கும் அதே கதை, அடிக்கோட்டுல ஆடு நின்னா ஒழிய.

பாளைப்பையன்

வரைஞ்சு பாத்தேன். மேல் கிடைல மொத ஆடும் அப்படித்தானே தொங்குது? உச்சில மூணாவது புலி நின்னா அதையும் வெட்டுமே.

கல்லாங்காய்

அப்படிக் கேளு. ரெண்டாம் கிடைல சுவத்த ஒட்டி ரெண்டு ஆடு சேத்து வை, மேல இருக்க ரெண்டும் அடைபட்டுரும். அதே ரெண்டும் கீழ் கிடை ரெண்டையும் அடைச்சிரும், அடிக்கோட்டுல ஆடே வேண்டாம். அஞ்சோட ரெண்டு ஏழு ஆச்சு. பாக்கி எட்டு ஆட்ட வச்சு மூணாவது புலிய எந்த மூலைக்குத் தள்ளலாம்னு நாளைக்கு வரைஞ்சு காட்டு.

உவரிக்காத்து

யாராவது மகேந்திரகிரி பக்கம் எப்.எம். தேடிப் பாத்தியளா? உசரம் இருக்கே, கடல் தெரியுத சரிவுல வந்துரும்னு ஒரு நெனப்பு.

வில்லுமணி

உசரம் போனா நீங்க சொன்ன அந்த மூடிக்கு மேல போயிருவிய வே. அலை கீழல்லா ஓடும்.

உவரிக்காத்து

அட ஆமா. அப்போ கடக்கரை மணல்தான்.